உள்ளே இருப்பவரிடம் நேரம் சொல்லக் கூடாது

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஊசியால் வந்த எலும்பு வலி போய்விட்டது. இரண்டு முழங்கை மடிப்பிலும் நீலம் பாரித்திருப்பது மட்டும் பாக்கி. உன் உடம்பு எப்படி என்று உன்னைக் கேட்க மாட்டேன், கேட்டால் "சூப்பர்" என்பாய். உன் வீட்டுக்காரியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நேற்று போனில் நீ பேசிய நாலு வார்த்தையில் மூன்று புரியவில்லை. வாய் முழுக்கப் புண்ணை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையும் எதற்கு? பேசாதே, எழுது. வருகிற கடிதத்தை நர்ஸ் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்துத் துணியால் துடைத்து உள்ளே தருவாராம். கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

என் செல்களை உனக்கு ஏற்றியபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சின்னப் பை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இருபது வருடமாக இந்தச் செல்களைத்தான் எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன், அந்த நேரத்தில் உருப்படியாக ஒன்றுமே தோன்றவில்லை. "உள்ள போய் அவனக் கிள்ளாதீங்க"ன்னு மனசுக்குள் சொன்னேன், அவ்வளவுதான்.

என் கிள்ளல் உனக்குத் தெரியாததில்லை. நான் கையை நீட்டும் முன்பே நீ கையை இழுத்துக்கொள்வாய். இப்போது இழுக்க முடியாது, கிள்ளுகிறவள் உள்ளேயே வந்துவிட்டாள். என் செல்கள் உன் உடம்பை அந்நியம் என்று நினைத்தால் தோல், குடல், ஈரல் என்று கிள்ள ஆரம்பிக்கும். ஒரேயடியாகக் கிள்ளாமல் சாதுவாக இருந்தாலும் வம்புதான், ஒளிந்திருக்கிற ரத்தப் புற்றுச் செல்லைப் பிறகு யார் பிடிப்பது? கொஞ்சம் கிள்ள வேண்டும், அதிகம் கூடாது. இந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாமல்தான் எங்கள் லேப்பும் எங்களைப் போல இன்னும் பல லேப்பும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காதே. நர்ஸைச் சிரிக்க வைப்பது உன் வேலையும் இல்லை.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருப்பவன் எழுதுவது. நீ சுகமா? முழங்கை நீலம் மஞ்சளாக மாறியிருக்கும் இந்நேரம்.

அறையை அளந்துவிட்டேன். தரை ஓட்டை எண்ணிப் பார்த்தால் பதினோரு அடிக்கு ஒன்பது அடி. எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்ட் நாலு சேர்ந்தால் இந்த அறை. ஜன்னல் உண்டு, திறக்காது. மேலேயிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதன் சத்தம் நிற்பதே இல்லை. கதவு இரண்டு. ஒன்றை மூடினால்தான் இன்னொன்று திறக்கும். லிஃப்ட்டிலும் எங்களுக்கு இதே மாதிரி ஏற்பாடுதான். பூட்டு எந்த மாதிரி என்று நர்ஸைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க அது"ன்னு முறைத்தார். பதினெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

எத்தனையோ பேரை நடு மாடியில் நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து இறக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உள்ள இருக்கறவங்ககிட்ட நேரம் மட்டும் சொல்லாத. ரெண்டு நிமிஷம்னு சொல்லி மூணாயிட்டா, அவங்களே கதவத் திறக்கப் பாப்பாங்க. விபத்து அப்பத்தான் நடக்கும். எவ்வளவு நேரம்னு தெரியாதுன்னு சொல்லு. ஆனா வெளிய நின்னு பேசிக்கிட்டே இரு."

இங்கே எல்லோரும் நேரம் சொல்கிறார்கள். "ரெண்டு நாள்ல ரத்த அணு ஏற ஆரம்பிச்சிடும்" என்று சொல்லி இன்றோடு ஐந்து நாள். முடி கொட்டியதோ எச்சில் விழுங்க முடியாததோ கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த நேரக் கணக்குதான் கதவை உதைக்கலாம் போல இருக்கிறது.

நீயாவது எனக்கு நேரம் சொல்லாதே. வேறு எதையாவது எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், இருமல்கூட இல்லை. உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். அதை நம்பி எழுதுகிறேன்.

நேரம் சொல்லக் கூடாது என்றாய். சரி, என் குறை ஒன்றைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

எங்கள் மெஷின் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணும். ஓட விடுவதற்கு முன் செல்களுக்குச் சாயம் போடுவோம். சண்டையே பார்க்காத புதுச் செல்லுக்குச் சிவப்பு, சண்டை போட்டுத் திரும்பியதற்கு நீலம். எந்த மனிதருக்கும் செல் அனுபவப்பட்டதும் சிவப்பைக் கழற்றிவிட்டு நீலத்தை மாட்டிக்கொள்ளும். என்னுடையவை சிவப்பைக் கழற்றாமலேயே மேலே நீலத்தையும் மாட்டிக்கொள்கின்றன. நூறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும், கெடுதல் ஒன்றுமில்லை. அப்பா கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். பழைய சட்டை ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர். உனக்கு இது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் விரலைக் குத்தி விளையாட்டாகப் பார்த்தேனே, ஞாபகமிருக்கிறதா?

தினமும் நோயாளிகளின் ரத்தத்தோடு நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டுவோம். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது சரியாக வந்தால் மெஷினும் சரி, சாயமும் சரி. எங்கள் டெக்னீஷியன்தான் இதற்கு நிரந்தரமாகக் கை நீட்டுபவர். குச்சி மாதிரி இருப்பார், நாங்கள் வைத்த பெயர் பயில்வான். என் கையை யாரும் கேட்பதில்லை. "உங்க ரத்தத்த ஓட்டினா மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கும்" என்பார் பயில்வான்.

மஞ்சளித்த முழங்கையும் இப்போது சரியாகிவிட்டது. நன்றாகத் தூங்கு.

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். நானும் முதல் முறையாக, பொய்யில்லாமல், பரவாயில்லை. அணுக்கள் ஏறிவிட்டன. ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டேன்.

நேற்று வாலு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை அழுத்தி, நசுங்கின மூக்கோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏழு வயதில் இவ்வளவு குறும்பு ஆகாது. பிறகு அவள் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். கண்ணாடி வழியாகக் கேட்கவில்லை. என்ன கேட்டாள் என்று பிறகு விசாரித்தேன். "அப்பா எப்ப வெளிய வருவாரு"ன்னு கேட்டாளாம். இவளும் நேரம்தான் கேட்கிறாள்.

ஒரு விஷயம். கிள்ளலை அடக்குகிற புது மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்தேன். முப்பதாம் நாள் அதற்காக ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். உன் ஊரைச் சொன்னார்கள். "உங்க பேர் போகாது, நம்பர் மட்டும்தான் போகும். ரிசல்ட் எங்களுக்கே வராது, ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்தான்" என்றார் நர்ஸ். நர்ஸிடம் உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. அது உன்னிடம்தானே வந்தது? பார்த்தாயா?

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

ரொட்டி சாப்பிட்டாய் என்று படித்து எனக்கும் பசித்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

இங்கே வருபவை எல்லாம் எண்கள். எண்களுக்கு அக்கா கிடையாது. வேறொன்றும் கேட்காதே.

வீட்டு ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், பச்சை. பயில்வான் மூன்று நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் எனக்கு நல்ல வாரம். மெஷின் திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்து, திரும்ப வந்து மறுபடி பார்த்தேன். இவ்வளவுதான் எழுத முடியும்.

வாலுவுக்கு என் முத்தம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கொடு.

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து வரி இல்லை. போனில் கேட்டால் வானிலை அறிக்கை படிக்கிறாய்.

அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று பெயர். ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. என் வீட்டுக்காரி செருப்பை வெளியே விட்டு, உடை மாற்றி, கை கழுவிய பிறகுதான் என் பக்கம் வருகிறாள். வாலு பாட்டி வீட்டில் இருக்கிறாள், அவள் பள்ளியில் யாருக்கோ அம்மையாம், வரக் கூடாது. லிஃப்ட்டில் வேறு யாராவது இருந்தால் நான் ஏறக் கூடாது. அது இரண்டாம் மாடியில் லேசாக உதறுகிறது. கயிறு அல்ல, கதவுக்கு மேலே உள்ள உருளை தேய்ந்திருக்கிறது. சொன்னால் கேட்க ஆளில்லை. நாள் முழுக்க அந்த உதறலைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தட்டணுக்கள் கொஞ்சம் மந்தமாக இருக்கின்றனவாம். டாக்டர் சொன்னார்: "அறுபதாம் நாள் மஜ்ஜை எடுத்துப் பாக்கறது கட்டாயமில்ல. தொண்ணூறாம் நாள் எப்படியும் எடுப்போம். உங்களுக்குச் சந்தேகமா இருந்தா இப்பவே எடுத்திடலாம். உங்க இஷ்டம்." இடுப்பெலும்பில் குத்துகிற அந்த ஊசிக்கு நான் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. எடுத்துப் பார்த்து ஏதாவது இருந்தால் மறுபடி அந்த இரண்டு கதவுக்கு உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் பயம். மறுபடி உள்ளே போனால் நான் நானாக இருக்க மாட்டேன் அக்கா.

நீ பார்த்திருக்கிறாய். "நல்ல வாரம்" என்று நீயே எழுதினாய். சிவப்பும் நீலமும் சேர்ந்த செல் என் ரத்தத்தில் தெரிந்தால் அது நீதான் என்று எனக்கே புரிகிறதே, உனக்குப் புரியாதா? பதினேழாம் தேதி அடுத்த ரத்தம் எடுத்து உனக்கு அனுப்புகிறார்கள். நேரம் சொல்லாதே என்று சொன்னவனே இப்போது கேட்கிறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு, பொறுக்கலாமா, எடுக்கலாமா?

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நோயாளி யாரென்று எங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொந்தக்காரர் யாராவது சேர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நீ அந்த ஆராய்ச்சியில் இருப்பதைப் பேராசிரியரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் மாதிரிகளை என்னிடமிருந்து எடுத்துவிடுவார். வேறு யாரோ உன் ரத்தத்தை எண்ணுவார்கள், எனக்குத் தெரியாமல். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

அதனால் எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். உன் வீட்டில் குடிவந்தவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன். போன மாதம் பத்து அறையில் ஏழு அறை என் கையில் இருந்தது. இப்போது எல்லா அறையிலும் என் விளக்குதான் எரிகிறது. குடிவந்தவளே வீட்டுக்காரி ஆகிவிட்டாள்.

வீணாக எலும்பைக் குத்திக்கொள்ளாதே. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா


மார்ச் 27

அக்கா,

சுகமா என்று இன்றைக்கு நீ என்னைக் கேட்க வேண்டாம். சுகம்.

டாக்டரிடம் "தொண்ணூறு நாள் வரைக்கும் பொறுத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியம் என்று கேட்டார். மனசு சொல்லுது என்றேன். இவளிடம் மட்டும் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

வாலுவின் பிறந்த நாளுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன், மே ஆறு என்று.

கொஞ்சம் அசதி. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் கன்றியிருக்கிறது, கட்டிலில் இடித்திருப்பேன். வேறொன்றுமில்லை.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

உடம்பு எப்படி என்று கேட்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் டாக்டர் உன்னிடம் பேசியிருப்பார். போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 18-ம் தேதி உன் இரண்டாவது மாதிரி வந்தது. அன்று பயில்வானுக்குக் காய்ச்சல், கன்ட்ரோலுக்கு ஆளில்லை. என் கையிலேயே எடுத்து ஓட்டினேன். டியூபில் முதலில் எண்ணை ஒட்டு, பிறகு ரத்தத்தை ஊற்று என்பது எங்கள் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன். அன்று அவசரம். உன்னைப் பார்க்க வேண்டும். இரண்டு டியூபிலும் ஊற்றிவிட்டுப் பிறகு ஒட்டினேன்.

உன் எண் ஒட்டிய டியூபை முதலில் ஓட்டினேன். திரை முழுக்க என் செல்கள். அதற்குப் பிறகு எனக்குக் கண் தெரியவில்லை. கன்ட்ரோலை ஓட்டினேன். சிவப்பு தனியாக, நீலம் தனியாக வந்தது. புதுச் செல் கொஞ்சம் குறைவு, மற்றபடி தினமும் வருவது போலவே இருந்தது. ரிஜிஸ்டரில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபது வருடமாகத் தினமும் பார்க்கிற படம், கை தானாக எழுதிவிட்டது.

இன்று காலை மாத முடிவுக் கையெழுத்துக்காக ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மார்ச் 18. கன்ட்ரோல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். பக்கத்தில் "சரி." என் ரத்தம் சரியாக வரவே வராது தம்பி. என் வாழ்நாளில் ஒரு தடவைகூட வந்ததில்லை. சரியாக வந்திருக்கிறது என்றால் அது என் ரத்தம் இல்லை, இரண்டு டியூபிலும் எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறேன். திரை முழுக்க நான் பார்த்து மகிழ்ந்தது உன்னை இல்லை, என்னையே.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். நீ என் தம்பி என்பது, உனக்கு எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "முதல்ல ரத்தத்தப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். ஃப்ரீசரில் மீதியிருந்த உன் மாதிரியை எடுத்து, அவர் பக்கத்தில் நிற்க, பயில்வான் ஓட்டினார். பிப்ரவரியில் நூற்றுக்கு எழுபதாக இருந்தவள், மார்ச்சில் ஒன்பது. பேராசிரியர் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

உன் பழைய செல்கள் திரும்பி வந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அப்போதே தெரிந்திருந்தால் கிள்ளலை அடக்கும் மருந்தைக் குறைத்திருக்கலாம், மறுபடி என் செல்களைக் கொடுத்திருக்கலாம். மூன்று வாரத்தை நான் விழுங்கிவிட்டேன். உன் காலில் கன்றியது கட்டில் இடித்ததால் இல்லை. அதைப் படித்தபோதே எனக்கு உறுத்தியது. உறுத்தலை நம்பாமல் திரையை நம்பினேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கூப்பிட்டால் வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அண்ணிக்கு வணக்கம்.

நானும் குழந்தையும் நலம். அவரை எட்டாம் தேதி சாயங்காலமே மறுபடி சேர்த்துவிட்டார்கள். அதே வார்டு, அடுத்த அறை. மஜ்ஜையில் நூற்றுக்கு இரண்டு புற்றுச் செல் இருக்கிறதாம். எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். உங்கள் ரத்தத்திலிருந்து புற்றோடு சண்டை போடும் டி செல்களைப் பிரித்து ஏற்ற வேண்டுமாம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வர வேண்டாம், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

எங்கள் அறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். தங்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் துண்டு வைத்திருக்கிறேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி. உங்கள் கடிதத்தைப் படித்துக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான், அதை மட்டும் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு எழுதச் சொல்லி அவரிடம் தாளைக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு ஒரே வரி எழுதிக் கொடுத்தார். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டியே அக்கா.*


மே 11

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டியது முறை, எழுதிவிட்டேன்.

செல் பிரிக்கிற மெஷினோடு நாலு மணி நேரம் என்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பிறகு உன் அறைக் கண்ணாடிக்கு வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். தூங்குகிறவனுக்குக் கால் கட்டைவிரல் ஆடாது. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் உனக்கு அந்த விரல்தான் ஆடும். பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

பேராசிரியர் என்னை அந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். விசாரணை முடியும் வரை மெஷின் அறைச் சாவியும் என்னிடம் இல்லை. அது நியாயம்தான். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைப் பெட்டிகளையும் காலாவதியான சாயக் குப்பிகளையும் பிரித்து அடுக்குகிறேன். ஜன்னலில்லாத அறை. மெஷின் அறைக்கும் இதற்கும் நடுவில் ஒரு கதவு, அட்டை வைத்திருப்பவருக்குத்தான் திறக்கும். பயில்வான் போகும்போதெல்லாம் கண்ணாடி வழியாகக் கை காட்டுவார்.

இனிமேல் உன் ரத்தத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டேன், தானம் கொடுத்தவருக்குச் சொல்வதற்கில்லை என்றார்கள். உன் வீட்டுக்காரியிடம் கேட்க எனக்கு முகமில்லை. உனக்குள் இருக்கிறேனா, வெளியே தள்ளப்பட்டேனா என்பது எனக்கே தெரியாது. இருபது வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எண் சொன்னவள் நான். எண் தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ ஜனவரியிலேயே எழுதியிருந்தாய், நான்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மே ஆறு வந்துவிட்டுப் போய்விட்டது. வாலுவிடம் நீ சொல்லி வைத்த தேதியும் என்னால்தான் பொய்யானது. பிறந்த நாளுக்கு அவளுக்கு ஒரு பூதக் கண்ணாடி அனுப்பினேன், கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பதில் எழுது என்று கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஸ்டோரில் கையுறைப் பெட்டி தலையில் விழாமல் பார்த்துக்கொள்.

கட்டைவிரல் ஆடியது உண்மைதான். கண்ணாடி வழியாக அதைக்கூடப் பார்த்துவிட்டாயே என்று இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. மூன்று வாரம் உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் அப்படியே வைத்திருந்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் விதி தெரிந்தும் நேரம் கேட்டவன் நான். வாலுவிடம் மே ஆறு என்று சொன்னவனும் நான்தான், நீ இல்லை. அவள் பூதக் கண்ணாடியோடு வந்து கதவுக் கண்ணாடியில் வைத்து என்னைப் பார்த்தாள். "அப்பா ஒரு கண்ணு பெருசா இருக்காரு" என்றாளாம். எப்ப வருவார் என்று அவள் இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

இன்னும் அதே அறைதான். பதினோரு அடிக்கு ஒன்பது. ஜனவரியில் இருந்த அறைக்கு இது இடது பக்க அறை, அதனால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. நாற்பதாம் நாளோ என்னவோ, கதவை உதைத்தேன். நிஜமாகவே உதைத்தேன். நர்ஸ் ஓடி வந்து வெளிக் கதவில் நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "எத்தன நாளாகும்னு எனக்குத் தெரியலங்க. நான் இங்கயே நிக்கறேன், பேசுங்க" என்றார். யாரிடம் கற்றுக்கொண்டாரோ. உட்கார்ந்து அழுதுவிட்டு, லிஃப்ட் கதவு உருளை எப்படித் தேயும் என்று அவருக்குச் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டார்.

போன திங்கட்கிழமை உள்ளங்கை அரித்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் சிவந்து, காது மடல் வரை பரவிவிட்டது. டாக்டர் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தோஷப்படலாமான்னு இப்பவே கேக்காதீங்க. ஆனா உங்க அக்கா வேலைய ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குத்தான் விதி. என் உடம்பு, என் எண், நான் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன். நூற்றுக்கு நாற்பத்தாறு. நீ அங்கே ஸ்டோரில் இருக்கிறாய், இங்கே நாற்பத்தாறு பங்கு இருக்கிறாய். மஜ்ஜையில் புற்று இன்னும் போகவில்லை. இரண்டாக இருந்தது ஒன்றுக்குக் கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த அரிப்பு ஈரலுக்குப் போனால் அது வேறு ஆபத்து என்றும் சொல்லிவிட்டார்கள். எதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

எத்தனை நாள் உள்ளே, எத்தனை நாள் உயிரோடு, இரண்டுமே தெரியாது. நீயும் சொல்லாதே. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டே இரு, பச்சைத் திரை, பயில்வான், எதை வேண்டுமானாலும் எழுது.

உள்ளங்கை இப்போதும் எரிகிறது. களிம்பு போடட்டுமா என்று நர்ஸ் கேட்டார், கொஞ்ச நேரம் போகட்டும் என்றேன். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. நன்றாகக் கிள்ளு.

உன் தம்பி